ஊட்டில வீகன் ஊர்வலம்: எல்லாரும் கேக்கற கேள்விகளும் எங்க பதில்களும்

நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை காலைல ஊட்டி டவுனுக்குள்ள நடக்கப்போற ஊர்வலத்தைப் பத்தி டீக்கடைலயும் பஸ்லயும் வாட்ஸ்அப்லயும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க சேத்து வச்சிருக்கோம். சிலது சந்தேகம், சிலது நக்கல், சிலது நெஜமான கோபம். கோபமா கேட்டதுக்குத்தான் பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

இது என்ன ஊர்வலம், எதுக்கு?

கறி, மீன், முட்டை, பால், தேன், தோல், பட்டுன்னு உயிருங்ககிட்ட இருந்து வர்ற எதையும் முடிஞ்ச அளவுக்குத் தொடாம வாழறவங்களும் (அவங்கதான் வீகன்), அப்படி வாழ முடியுமான்னு யோசிக்கறவங்களும் சேந்து ஒரு காலைப்பொழுது ரோட்ல நடக்கறது, பாடறது, கடைசில உக்காந்து சாப்பிடறது. அவ்ளோதாங்க. வெளிநாட்ல இது பழசு, பாரிஸ்ல 2001லயே வெஜ்ஜி ப்ரைடுன்னு ஆரம்பிச்சாங்க, நியூயார்க்ல 2008ல தொடங்கினப்ப கறிக் கிடங்குங்களுக்குப் பேர்போன மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட்ல இருந்தே கிளம்பினாங்க. அந்த வீம்பு அவங்க ஊருக்குச் சரி. நம்ம மலைல மாட்டோடயும் எருமையோடயும் குதிரையோடயும் பிழைக்கறவங்க பக்கத்து வீட்லயே இருக்காங்க, அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி ஒரு ஊர்வலம் நடத்தறதுக்கு நடத்தாமயே இருக்கலாம்.

ஏன் நவம்பர்ல? மழைக் காலம் ஆச்சே?

நவம்பர் 1 உலக வீகன் தினம். இங்கிலாந்துல 1944 நவம்பர்ல வீகன் சொசைட்டி ஆரம்பிச்சதோட 50வது வருஷத்தை ஒட்டி 1994ல அந்த நாளை வச்சாங்க. எங்கள்ல பாதிப்பேரு அக்டோபர்தான் நல்லதுன்னு சொன்னாங்க, ஏன்னா அக்டோபர் 4 உலக விலங்குகள் தினம், மறுநாள் 5 வள்ளலார் பிறந்தநாள், அதைத் தனிப்பெருங்கருணை நாள்னு தமிழ்நாடு அரசு 2021ல அறிவிச்சிருக்கு. பொருத்தம் பிரமாதம்தான். ஆனா ஆயுத பூஜை லீவும் ரெண்டாவது டூரிஸ்ட் சீசனும் ஒண்ணா வர்ற அந்த வாரத்துல சேரிங் கிராஸ்ல ஆள் நிக்கவே எடம் இருக்காது, இதுல ஊர்வலம் வேறயான்னு போலீஸ் கேட்டா நம்மகிட்ட பதில் இல்ல.

எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்?

மார்க்கெட் பக்கம் ஏடிசிங்கற எடத்துல கூடி, கமர்ஷியல் ரோடு வழியா சேரிங் கிராஸ், அங்கிருந்து கார்டன் ரோட்ல தாவரவியல் பூங்கா பக்கம். காலைல 8 மணிக்குக் கூடறோம், டூரிஸ்ட் வண்டிங்க லாட்ஜ விட்டு வெளிய வர்றதுக்குள்ள ரோட்டைத் திருப்பிக் கொடுத்துடணும். மார்க்கெட்டுக்குள்ள போகமாட்டோம். கறிக்கடைக்கு முன்னாடி நின்னு கோஷம் போடற வேலை நம்மகிட்ட கிடையாது. ஞாயித்துக்கிழமை காலைல அந்த அண்ணன்மாருக்கு ஒரு வார வியாபாரம், அதைக் கெடுத்து எந்த ஆடும் பிழைக்கப் போறதில்ல.

நான் வீகன் இல்ல, கறி சாப்பிடறவன். வரலாமா?

தாராளமா. வாசல்ல நின்னு யாரும் நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேக்கமாட்டாங்க.

தோடர் இருக்கற மலைல வந்து பால் குடிக்காதேன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்ல?

சொல்லமாட்டோம். தோடர் வாழ்க்கையே எருமையைச் சுத்தித்தான் இருக்கு, அவங்க கோயிலே பால் கறந்து கடையற எடம்தான், பரம்பரையா கறி தொடாத சனம். அவங்களுக்குப் போய் உயிர்நேயம் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு?

ஆனா இந்தக் கேள்வியை அதோட விடறதுக்கு மனசு வரல. தோடர் எருமைன்னு தனி இனமே இருக்கு, கொம்பு ரெண்டும் அகலமா விரிஞ்சு பிறை மாதிரி மேல வளையும், ஊட்டில இருந்து பைக்காரா போற வழில புல்லுல மேயறதப் பாத்திருப்பீங்க. அந்த எருமை குறைஞ்சுபோனது யாரோ பால் கறந்ததாலயா? வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்சு சுதந்திரத்துக்கு அப்புறமும் புல்வெளின்னா சும்மா கிடக்கற நெலம்னு கணக்குப் போட்டு கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நட்டுத் தள்ளினாங்க, மிச்ச மீதில டேமும் தேயிலையும் வந்துது. அந்தச் சீகை மரத்தை எதுக்கு நட்டாங்கன்னு தெரியுமா, அதோட பட்டை தோல் பதனிடறதுக்கு வேணும்னு. எங்கயோ செருப்பும் பெல்ட்டும் செய்யறதுக்காக இங்க எருமைக்கு மேய எடமில்லாம போச்சு. அதனால நம்ம ஊர்வலத்துல முன்னாடி போற துணிப் பதாகைல புல்வெளியைத் திருப்பிக் கொடுங்கன்னுதான் எழுதியிருக்கும், பாலைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது.

இன்னொண்ணு, வெளியூர்ல இருந்து வர்றவங்க ஊர்வலம் முடிஞ்சதும் தோடர் குடியிருக்கற மந்துக்குப் போய் போட்டோ எடுக்கலாம்னு ப்ளான் போடாதீங்க. அது அவங்க வீடு.

அப்ப பால்ல என்னதான் பிரச்சினை? மாடு தானாத்தானே கொடுக்குது?

தானா எந்த மாடும் கொடுக்காதுங்க, கன்னு போட்டாத்தான் பால். பால் வத்தினா மறுபடி சினை ஊசி, மறுபடி கன்னு. பொட்டைக் கன்னா இருந்தா வளப்பாங்க, காளைக் கன்னுன்னா? இந்தச் சரிவுல ஏர் ஓட்ட வேலை இல்ல, ஜெர்சி கலப்புல பொறந்த காளைக்கு வண்டி இழுக்கவும் வக்கில்ல, கடைசில கால்காசுக்கு யாவாரி பிடிச்சிட்டுப் போறான். வயசான மாட்டுக்கும் அதே லாரிதான். 1978ல வந்த விதிப்படி ஒரு லாரில ஆறு மாட்டுக்கு மேல ஏத்தக்கூடாது. கூடலூர் ரோட்லயோ பாலக்காடு ரோட்லயோ போற அடிமாட்டு லாரிய ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

சரி, இதைச் சொன்னதும் பால் சொசைட்டிக்கு ஊத்தற அக்கா ஒருத்தங்க கேட்டாங்க, ஒத்தை மாட்ட வச்சு ரெண்டு புள்ளைங்க ஃபீஸ் கட்டறேன், பச்சைத் தேயிலைக்கு வெலை இருந்தா நான் ஏன் விடிகாலைல எந்திரிச்சு சாணி அள்ளறேன்னு. அவங்க கேட்டது கரெக்ட். தேயிலைக்கு கட்டுபடியாகற வெலை கிடைக்காம அவங்களப் பாத்து மாட்ட விடுன்னு சொல்றது வீகனிசம் இல்ல, திமிரு. நாங்க பேசறது காசு கொடுத்து பாக்கெட் வாங்கறவங்ககிட்ட, அதுவும் வாங்கறத ஒரு நாள் நிறுத்திப் பாருங்கன்னு மட்டும்.

இது சைவத்தைத் திணிக்கற வேலைதானே? மாட்டுக்கறிக்கு எதிரா நைசா ஒரு கூட்டம் சேக்கறீங்க.

சந்தேகப்படறதுல தப்பே இல்ல. நம்ம நாட்ல சைவம்னா சாதிப் பெருமை, வாடகைக்கு வீடு இல்லைன்னு சொல்ற சாக்கு, இன்னொருத்தன் சட்டிக்குள்ள எட்டிப் பாக்கறது, எல்லாம்தான். அதனால வெளிப்படையா சொல்லிடறோம்: மாட்டுக்கறின்னு தனியா ஒரு கோஷம் நம்ம ஊர்வலத்துல கிடையாது, ஆட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் இருக்கற அதே உயிர்தான் மாட்டுக்கும். நெய்யில முக்கி எடுத்த ஸ்வீட்டைச் சாப்டுட்டு மாட்டுக்கறி திங்கறவனைத் திட்டறவங்க தயவுசெஞ்சு வரவேணாம், பால் பாக்கெட்டுக்குப் பின்னாடியும் அதே அடிமாட்டு லாரிதான் நிக்குது. பசுவ மட்டும் சாமியாக்கி எழுதின அட்டையோட யாராவது வந்தா வாலன்டியர்ஸ் பொறுமையா வாங்கி ஓரமா வச்சுடுவாங்க. சாதிப் பேர், கட்சிக் கொடி, மதக்கொடி எதுவும் வேணாம்.

சத்துணவுல போடற முட்டையை நிறுத்தச் சொல்லுவீங்களா?

மாட்டோம். வீட்ல சரியா சாப்பாடு கிடைக்காத புள்ளைக்கு ஸ்கூல்ல கிடைக்கற ஒரே நல்ல சாப்பாடு அதுவா இருக்கலாம், அதுல கை வைக்கற உரிமை எங்களுக்கு இல்ல. முட்டை வேணாம்கற புள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கற வழக்கம் ஏற்கனவே இருக்கு, கூட சுண்டலும் பயறும் அதிகமா கொடுத்தா சந்தோஷம். அவ்ளோதான் எங்க பேச்சு.

ஜல்லிக்கட்டு?

இந்த மலைல ஜல்லிக்கட்டே கிடையாது. 2014ல தடை வந்துது, 2017ல சட்டத்தைத் திருத்தினாங்க, 2023 மே மாசம் அந்தத் திருத்தம் செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, அதை ஊட்டி ரோட்ல வச்சு தீக்க முடியாது.

பறை இருக்குமா? அது தோல் ஆச்சே?

பறை இருக்கும். ஃபைபர் போட்ட பறை இப்ப நெறைய பேர்கிட்ட இருக்கு, அதோட நவம்பர் ஊட்டிக்கு வசதியும் அதுதான், ஏன்னா தோல் பறை இந்த ஈரத்துல தொஞ்சுபோகும், நிமிஷத்துக்கு ஒரு தடவை வைக்கோலக் கொளுத்திக் காய்ச்சி எடுத்தாத்தான் சத்தம் வரும். ஆனா ஒரு கலைஞர் தன்னோட தோல் பறையோட வந்து நின்னா யாரும் அவரை ஓரங்கட்டக் கூடாது. அந்தக் கருவியைக் கையில எடுத்ததுக்காகவே தலைமுறை தலைமுறையா அவமானப்பட்டவங்க, நாமளும் புதுசா ஒரு காரணம் கண்டுபிடிச்சு ஒதுக்கணுமா என்ன. படுகர் ஆட்டம் ஆட கொஞ்சம் பசங்க வர்றதா சொல்லியிருக்காங்க, வெள்ளை வேட்டி துண்டோட, சேரிங் கிராஸ் ரவுண்டானா பக்கம் ஒரு சுத்து ஆடினா போலீஸ் கண்டுக்காம விடுவாங்கன்னு நம்பறோம்.

எங்க வீட்டு நாயைக் கூட்டிட்டு வரலாமா? குதிரை, மாடு ஏதாவது வருமா?

எந்த மிருகமும் வராது. கூட்டம், கொட்டுச் சத்தம், தெருநாய்ங்க, இதுக்கு நடுவுல உங்க நாய் சங்கிலில திணறறதுக்குப் பேர் விலங்குரிமையா? வீட்லயே விட்டுட்டு வாங்க.

குதிரைன்னதும் ஞாபகம் வருது. போட் ஹவுஸ் பக்கம் சவாரி விடற குதிரைங்களைப் பாத்து கண் கலங்கறவங்க நிறைய பேர், ஆனா சீசன் முடிஞ்சதும் அதே குதிரைங்க டவுன்ல குப்பைத் தொட்டில மூஞ்சிய விட்டு கேரட் தழையோட பிளாஸ்டிக்கும் சேத்து மெல்லறப்ப ஹாரன் அடிச்சுட்டுப் போயிடறோம். சேணம் உரசற எடத்துல முதுகுல ரோமம் போய் ரோஸ் கலர்ல தெரியும், மழை பட்டா ஈ மொய்க்கும். குதிரைக்காரங்களைத் திட்டி ஒண்ணும் ஆகாது, அவங்களுக்கு ஆஃப் சீசன்ல தீவனத்துக்கு வழி, குதிரைக்கு ஒரு கொட்டகை, வைத்தியம், இதைக் கேட்டு மனு கொடுக்கறோம்.

மனுல வேற என்ன இருக்கு?

மெயினா மூணு விஷயம். குதிரைக் கொட்டகை ஒண்ணு. ரெண்டாவது சுருக்குக் கம்பி. தேயிலைத் தோட்டத்துல, காய்கறித் தோட்டத்து ஓரத்துல காட்டுப்பன்னிக்குன்னு வைக்கற கம்பில சிறுத்தை மாட்டிக்குது, கரடி மாட்டிக்குது, சில சமயம் அந்தத் தோட்டத்து நாயே மாட்டிக்குது. ஒரு ராத்திரில கேரட் மொத்தத்தையும் பன்னி உழுதுட்டுப் போனா விவசாயிக்கு வர்ற ஆத்திரம் எங்களுக்குப் புரியுது, அதனால கம்பிய எடுங்கன்னு சொல்றதோட பயிர் இழப்பீட்டை லேட் பண்ணாம கொடுங்கன்னும் சேத்துத்தான் எழுதியிருக்கோம். மூணாவது குப்பை: கரடி திறக்க முடியாத மூடி போட்ட தொட்டி. காட்டுமாடு குன்னூர்லயும் கோத்தகிரிலயும் வீட்டு வாசல்லயே நிக்குது, அது பழகிடுச்சுன்னு சந்தோஷப்படற விஷயம் இல்ல.

1960ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பத்தியும் ஒரு வரி உண்டு. பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபால தனிநபர் மசோதா கொண்டுவந்து விடாம பேசினதோட பலன்தான் அந்தச் சட்டம், 1962ல விலங்கு நல வாரியம் வந்தப்ப அவங்கதான் முதல் தலைவர். ஆனா இன்னிக்கும் அந்தச் சட்டத்துல ஒரு மிருகத்தை அடிச்சு வதைச்சா முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். ஒரு டீ, ஒரு வடை காசு. மசினகுடில 2021 ஜனவரில ஒரு யானை மேல எரியற டயரைத் தூக்கி எறிஞ்சு அது செத்தே போச்சே, அந்த வீடியோவைப் பாத்தவங்க யாரும் மறக்கமாட்டாங்க. யானை காட்டு விலங்குங்கறதால அதுக்கு வேற சட்டம் இருக்கு, கழுதைக்கும் குதிரைக்கும் தெருநாய்க்கும் இந்த 50 ரூபாய்தான். யானைப் பாதைய மறிச்சுக் கட்டின ரிசார்ட்டுங்களை மூடச் சொல்லி 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது மசினகுடி இருக்கற சீகூர் பக்கத்துக்குத்தான், அதை நடைமுறைப்படுத்தறதுலயும் எங்க கண் இருக்கு.

தேன் ஏன் கூடாது? குறும்பர் எடுக்கற தேன்ல என்ன பாவம்?

பாவம்னு நாங்க சொல்லல. பாறை இடுக்குல கொடியைக் கட்டித் தொங்கி, புகை போட்டு, தேனீக்குப் பாட்டுப் பாடி, அடைல கொஞ்சத்த விட்டுட்டு எடுக்கற ஆளுங்க அவங்க. பெட்டி பெட்டியா தேனீயை லாரில ஏத்தி ஊர் ஊரா கொண்டு போறதும் இதுவும் ஒண்ணு இல்ல. ஆனாலும் தேனீ தனக்குன்னு சேத்து வச்சதுங்கறதால வீகன் பந்தில தேன் இருக்காது, நாட்டுச்சக்கரைதான். குறும்பருக்கு எதிரா அட்டை பிடிக்கவும் விடமாட்டோம்.

சாப்பாடு என்ன? இலை தழையா?

இதுக்குத்தான் காத்துட்டு இருந்தோம். ராகி ஹிட்டு (களி), அவரை உருளைக்கிழங்கு போட்ட உதக்கா குழம்பு, சோறு, பீன்ஸ் பொரியல், மிளகு ரசம், தேங்காப்பால் ஊத்தின வெல்லப் பாயசம். படுகர் வீட்டுப் பாட்டிங்க ஒரு பேரும் வைக்காம காலம்காலமா சமைக்கற சாப்பாட்டுல பாதி வீகன்தான், மேல ஊத்தற நெய்யை மட்டும் விட்டா போதும். சூப்பர் மார்க்கெட்ல ஆயிரம் ரூபாய்க்கு விக்கற டூப்ளிகேட் சீஸ் எதுவும் பந்தில இருக்காது, அதை வாங்கினாத்தான் வீகன்னு நெனச்சுப் பாதிப்பேர் பயந்து ஓடறாங்க.

வர்க்கி? 2023ல புவிசார் குறியீடு வாங்கின ஊட்டி வர்க்கியைப் பந்தில வைக்காம இருக்க முடியுமா, ஆனா ஒரு பேக்கரில நெய், இன்னொண்ணுல வனஸ்பதி, அதனால கேட்டு வாங்கியிருக்கோம். ஹோம்மேட் சாக்லேட்ல டார்க்னு எழுதியிருந்தாலும் பால் பவுடர் கலந்திருக்கலாம். பச்சைப் புள்ளியை நம்பாதீங்க, அது பாலையும் தேனையும் சைவமாத்தான் எடுத்துக்கும். பாக்கெட்ல பச்சை வி எழுத்து மேல சின்ன இலை வச்ச முத்திரை இருந்தா அது வீகன், அதுக்கான விதிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 2022ல கொண்டுவந்துது.

ஊட்டிக்கு வந்துட்டு பால் இல்லாம எப்படிங்க டீ குடிக்கறது?

டீக்கடைல பால் வேணாம் அண்ணான்னு சொன்னா மாஸ்டர் பரிதாபமா பாத்து வயிறு சரியில்லையான்னு கேப்பார், அதைத் தாங்கிக்கணும். கடைல இருக்கறது சிடிசி டஸ்ட், பாலுக்குன்னே கொதிக்க வச்சு எடுக்கற தூள், அதை வெறும் தண்ணில குடிச்சா நாக்கு வறண்டுடும். ஆர்த்தடாக்ஸ் இலைத்தூள் ஒரு ஸ்பூன், கொதிச்சு அடங்கின தண்ணி, மூணு நிமிஷம், வடிச்சிடுங்க. இதே மலைல விளையற தூள்தான், நாமதான் பாலுக்கடில இதுவரைக்கும் அதோட ருசியை மறைச்சு வச்சிருந்தோம்.

குளிருக்கு கம்பளி போடலாமா?

இருக்கறதைப் போட்டுட்டு வாங்க, யாரும் சட்டையப் பிடிச்சு லேபிள் படிக்கமாட்டாங்க. புதுசா வாங்கறதா இருந்தா திபெத் மார்க்கெட்ல தொங்கறதுல பெரும்பாலும் அக்ரிலிக்தான்.

வீகனா இருந்தா சத்து போயிடுமாமே?

கவனமா இருக்க வேண்டியது முக்கியமா பி12. அது செடில இருந்து வராது, கீரை சாப்பிடறேன், புளிச்ச மாவு சாப்பிடறேன்னு சமாளிக்க முடியாது, மாத்திரை கட்டாயம். தினமும் 10 மைக்ரோகிராம், இல்ல வாரத்துக்கு ஒரு தடவை 2000 மைக்ரோகிராம்னு வீகன் சொசைட்டி சொல்லுது. கால்சியத்துக்கு 100 கிராம் ராகில 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. கர்ப்பிணிங்க, சின்னப் புள்ளைங்க, ஏற்கனவே ரத்தசோகை இருக்கறவங்க டாக்டர்கிட்ட பேசிட்டு மாறுங்க, வாட்ஸ்அப் படிச்சு மாறாதீங்க.

நீங்க திங்கற கேரட்டே கோழி எருவுல விளைஞ்சதுதானே?

ஆமா. நீலகிரி கேரட்டும் உருளையும் லாரி லாரியா வர்ற கோழி எருவுலதான் விளையுது. முடிஞ்ச அளவுக்குன்னு முதல் பதில்லயே போட்டிருக்கோமே, அது இதுக்குத்தான். தழைச்சத்துக்கு அவரையும் லூபினும் விதைச்சு மடக்கி உழற ஆளுங்க சிலர் இருக்காங்க, அவங்க காய் கிடைச்சா கூட ரெண்டு ரூபா கொடுத்து வாங்கறோம். நூத்துக்கு நூறு சுத்தமா யாரும் இல்ல, அதுக்காக இருபதையும் விடணுமா?

வெளியூர்ல இருந்து வர்றோம், என்ன கவனிக்கணும்?

சொந்த வண்டில வந்தா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து இருக்கு. டிஎன் 43னு நீலகிரி நம்பர் போட்ட வண்டிக்கும் அரசு பஸ்ல வர்றவங்களுக்கும் வேண்டாம், பஸ்லயே வாங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டத்துக்குள்ளயே தடை, செக்போஸ்ட்ல வாங்கி வச்சுடுவாங்க, எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டு வாங்க. ஃப்ளெக்ஸ் வேணாம், பழைய வேட்டி, போர்வை, அட்டைப்பெட்டி எதுலயாவது எழுதுங்க. பர்லியார் பக்கம் குரங்குங்களுக்கு சிப்ஸ் போட்டுட்டு விலங்குரிமை ஊர்வலத்துக்கு வர்ற ஆளுங்களை என்ன சொல்றதுன்னே தெரியல.

அன்னிக்கு கனமழைன்னா?

கலெக்டர் ஆபீஸ்ல இருந்து எச்சரிக்கை வந்தா ஊர்வலம் கிடையாது, பேச்சே இல்ல. 2009 நவம்பர்ல மண் சரிஞ்சு இந்த மாவட்டத்துல 40 பேருக்கு மேல போனாங்க, அதைப் பாத்தவங்க யாரும் மழைன்னா விளையாட்டா எடுத்துக்கமாட்டாங்க. மேட்டுப்பாளையம் ட்ரெயினும் கல்லாறு தாண்டி நின்னுபோகும். தூறல்னா குடை பிடிச்சுட்டு நடப்போம். ஊர்வலம் நின்னாலும் சமையல் நிக்காது, ராத்திரியே அவரை ஊறப் போட்டிருப்பாங்க, அதனால டவுன்லயே இருக்கறவங்க மதியம் சாப்பாடு போடற ஹாலுக்கு வந்துடுங்க, பேப்பர் தட்டு கிடையாது, வீட்ல இருந்து தட்டும் டம்ளரும் கொண்டுவரணும்.